கேரமல் பாப்கார்ன் இரண்டே நாளில் பிசுபிசுத்துப் போகிறது, பினாங்கின் ஈரக் காற்றுக்கு என்ன வழி?

சுங்கை ஆரா அடுப்படி:

வணக்கம். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். முறுக்கும் நெய் உருண்டையும் அம்மா பார்த்துக்கொள்வார். இந்த வருடம் என் பங்குக்குக் கச்சானும் (நிலக்கடலை) முந்திரியும் போட்ட கேரமல் பாப்கார்ன் செய்து, ஆபீஸ் தோழிகளுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போத்தலில் கொடுக்கலாம் என்று ஆசை. போன சனிக்கிழமை ஒத்திகை பார்த்தேன். செய்த அன்று இரவு நன்றாகத்தான் இருந்தது. ஞாயிறு மாலை போத்தலைத் திறந்தால் எல்லாம் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே கட்டி. திங்கட்கிழமை கரண்டிக் காம்பால் குத்தித்தான் எடுக்க முடிந்தது. அப்பா ஒரு வாய் போட்டுவிட்டு, "இது பாப்கார்னா, போஸ்ட் ஆபீஸ் பசையா?" என்று கேட்டார்.

செய்தது இப்படி: சோளம் அரை கப், குலா மெலாக்கா (தென்னை வெல்லம்) 200 கிராம், பட்டர் 100 கிராம், உப்பு, கடைசியில் அரை டீஸ்பூன் ஆப்ப சோடா. பாகு பொங்கி வந்ததும் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, பாப்கார்ன் மேல் ஊற்றிக் கிளறி, தட்டில் பரப்பி, இரவு முழுக்க ஃபேனுக்கு அடியில் ஆறவைத்தேன். அன்றைக்கு நல்ல மழை. ஓவனில் வைக்கவில்லை. வீடியோவில் அந்தப் பெண்மணி ஓவன் தேவையே இல்லை என்றார். அவர் எந்த ஊர் என்று கவனிக்கவில்லை; இப்போது மறுபடி பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது.

எங்கே தப்பு?

ஜெலுத்தோங் பெரியம்மா:

மகளே, மழை நாளில் ஃபேனுக்குக் கீழே இனிப்பை வைத்து ஆறவைத்த கதையை இப்போதுதான் கேட்கிறேன். வெளியே இருந்த ஈரத்தையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து விசிறியும் விட்டிருக்கிறாய்.

ஆனால் முதல் தப்பு அது இல்லை. "பொங்கி வந்தது" என்பது பதமே இல்லை. பால்கூடத்தான் பொங்கும். கடலை மிட்டாய்க்குப் பாகு வைப்பதைப் பார்த்திருக்கிறாயா? ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் எடுத்துக்கொள். பாகில் ஒரு சொட்டு விடு. விரலால் உருட்ட வந்தால் அது உருண்டைப் பதம். அதில் நிறுத்தினால் நீ செய்தது மாதிரிதான் ஆகும். இன்னும் காய்ச்சு. சொட்டை எடுத்து மடக்கினால் வளையாமல் டக்கென்று உடைய வேண்டும். கிண்ணத்தில் போட்டால் 'டிங்' என்று சத்தம் வர வேண்டும். என் மாமியார் பாகைக் கண்ணால் பார்க்கவே மாட்டார், சத்தத்தைத்தான் கேட்பார்.

மூன்றாம் ஷிப்ட்:

பெரியம்மா சொல்லும் 'டிங்' சத்தத்துக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. கொதிக்கிற பாகின் சூட்டைப் பார்த்தால் அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். 112 முதல் 116 டிகிரி வரை உருண்டை பிடிக்கும் பாகு. அதில் சர்க்கரை 85 சதவீதம்தான், மீதி தண்ணீர். 132 முதல் 143 வரை போனால் 95 சதவீதம். உடையும், ஆனால் பல்லில் கொஞ்சம் இழுக்கும். 149ஐத் தாண்டினால் 99 சதவீதம். அதுதான் கண்ணாடி, அதுதான் டிங்.

நான் பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் சிப் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். எங்கள் பரம எதிரி ஈரம். சிப்பின் பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் ஏறிவிட்டால், பற்றவைக்கும் சூட்டில் அது ஆவியாகி உறையைப் பிளந்துவிடும். இந்தத் தொழிலில் அதற்குப் பெயரே 'பாப்கார்ன்' என்பதுதான், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதனால் ஈரம் ஏறிய சரக்கை 125 டிகிரி ஓவனில் பல மணி நேரம் வைத்து உலர்த்துவோம். கேரமல் பாப்கார்னை ஓவனில் வைக்கும் சூடு 120. கிட்டத்தட்ட ஒரே வேலை. அந்த வீடியோப் பெண்மணிக்கு ஓவன் தேவைப்படாது, அவர் வீட்டுக் காற்றே காய்ந்த காற்று. நமக்குக் கட்டாயம் வேண்டும்.

கரண்டிக் காம்பு:

கே.எல்.-லிருந்து (கோலாலம்பூர்) எட்டிப் பார்க்கிறேன். எல்லாரும் பாகிலேயே நிற்கிறீர்கள். சோளத்தைப் பொரித்தது எப்படி என்று யாராவது கேட்டீர்களா?

சோளம் வெடிப்பதே அதன் உள்ளே இருக்கும் தண்ணீரால்தான். நல்ல சோளத்தில் 14 சதவீதம் ஈரம் இருக்கும். சுமார் 180 டிகிரியில் உள்ளே ஆவி முட்டி, தோல் தாங்காமல் வெடிக்கிறது. வெடித்ததும் அந்த ஆவி எங்கே போகும்? மூடியை இறுக்கி மூடியிருந்தால் பாத்திரத்துக்குள்ளேயே சுற்றி, பொரிந்த பாப்கார்ன் மேலேயே படியும். பாகு ஊற்றும் முன்பே உங்கள் பாப்கார்ன் நமத்துப் போயிருக்கும். மூடியை ஒரு விரல் அகலம் திறந்து வையுங்கள். பொரிந்ததும் அகலத் தட்டில் கொட்டிப் பத்து நிமிடம் 120 டிகிரி ஓவனில் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

பொரியாத விதைகளைக் கையோடு பொறுக்கிவிடுங்கள். தட்டை ஆட்டினால் அவை அடியில் தங்கும், மேலே இருப்பதை மட்டும் அள்ளலாம். கேரமலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு விதையால் என் மைத்துனர் பல்லடைப்பு பெயர்ந்து, மறுநாள் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார். இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

பட்டர்வொர்த் பேக்கர்:

நான் ஆர்டர் எடுத்துச் செய்கிறவள். என் அளவைச் சொல்கிறேன், பெரியம்மா கோபிக்கக் கூடாது.

அரை கப் சோளம் பொரித்தால் பதினான்கு கப் வரை வரும். அதற்கு ஒரு கப் பழுப்புச் சர்க்கரை, அரை கப் பட்டர், கால் கப் குளுக்கோஸ் சிரப், அரை டீஸ்பூன் உப்பு. உப்பு போட்ட பட்டர் என்றால் உப்பைப் பாதியாக்குங்கள். எல்லாம் உருகிக் கொதி வந்தபின் கிளறாமல் நான்கைந்து நிமிடம். இறக்கி, அரை டீஸ்பூன் ஆப்ப சோடா. பழுப்புச் சர்க்கரையில் இருக்கும் புளிப்போடு சேர்ந்து அது நுரைத்துக்கொண்டு மேலே வரும். அந்தச் சின்னச் சின்னக் குமிழிகள்தான் பாகைக் கடிக்க லேசாக ஆக்குகின்றன. அதனால் பெரிய பாத்திரமாக எடுங்கள். சோடாவைக் கலந்த கையோடு ஊற்றிவிட வேண்டும், நின்று வேடிக்கை பார்த்தால் நுரை அடங்கிவிடும்.

அப்புறம் 120 டிகிரி ஓவனில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், கால் மணிக்கு ஒரு தடவை அடியிலிருந்து புரட்ட வேண்டும். மேசை மேல் வைக்கிற சின்ன ஓவன் என்றால் தட்டை அடித் தட்டிலேயே வையுங்கள், மேல் கம்பிக்குப் பக்கத்தில் இருந்தால் கருகும். ஏர் ஃப்ரையரில் வேண்டாம். காற்று அடிக்கும் அடியில் பாப்கார்ன் பறந்து போய்ச் சூட்டுக் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். வீடே புகையானது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வெந்து விட்டதா என்று பார்க்க ஒன்றை எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள். ஆறியபின் மொறுமொறுப்பாக இருந்தால் முடிந்தது. சூடாக இருக்கும்போது எப்போதும் மெத்தென்றுதான் இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஜெலுத்தோங் பெரியம்மா:

கோபம் இல்லையம்மா. ஆனால் நான்கைந்து நிமிடம் என்கிறாய், யாருடைய அடுப்பில்? என் வீட்டு கேஸ் அடுப்பில் நான்கு நிமிடம் என்றால் கரி. கண்ணும் கிண்ணமும் இருக்கக் கடிகாரம் எதற்கு?

பட்டர்வொர்த் பேக்கர்:

அது சரிதான். பாகு 130, 140 வரை வந்தால்கூடப் போதும், மீதி ஈரத்தை ஓவன் பார்த்துக்கொள்ளும் என்றுதான் சொல்ல வந்தேன். பட்டர் சேர்ந்த பாகை அடுப்பிலேயே 150க்குக் கொண்டுபோவது புதிதாகச் செய்கிறவர்களுக்குக் கஷ்டம், ஒரு நிமிடம் கண் அசந்தால் கசந்துவிடும்.

மூன்றாம் ஷிப்ட்:

சூடுமானி வாங்கினால் முதலில் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். நாம் கடல் மட்டத்தில் இருக்கிறோம், 100 காட்ட வேண்டும். 97 காட்டினால் சூடுமானி கோளாறு, அல்லது உங்கள் அடுப்படி கொடிமலை உச்சியில் இருக்கிறது.

சுங்கை ஆரா அடுப்படி:

இரண்டாம் முயற்சியின் அறிக்கை. சிரிக்க நினைப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

குளுக்கோஸ் சிரப் கிடைக்கவில்லை, அதில்லாமலே செய்யலாம் என்று வெள்ளைச் சர்க்கரை, கொஞ்சம் தண்ணீர், பட்டர். அடி பிடித்துவிடுமோ என்ற பயத்தில் கிளறிக்கொண்டே இருந்தேன். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. திடீரென்று ஓரத்தில் வெள்ளையாக ஒரு பொருக்கு. அப்புறம் கண்ணெதிரே பாத்திரம் முழுக்க மணல். காய்ந்துபோன கடற்கரை மணல் மாதிரி, கரண்டி நகரவில்லை. தண்ணீர் ஊற்றிக் கரைக்கலாம் என்று பதறியதில் ஒரு சொட்டு தெறித்து என் கட்டைவிரலில் ஒட்டியது. ஒட்டியது என்றால் ஒட்டியதுதான், உதறினால் போகவில்லை. அம்மா பற்பசையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். நான் குழாயைத் திறந்து விரலை அதற்குக் கீழேயே இருபது நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரிதாகக் கொப்பளிக்கவில்லை, சிவந்ததோடு சரி.

மணல் ஏன் வந்தது? குலா மெலாக்காவில் இது வரவில்லையே?

கரண்டிக் காம்பு:

குழாய்த் தண்ணீர்தான் சரி. பாகு வேலை செய்யும்போது பக்கத்தில் ஒரு பெரிய கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

மணலுக்கு வருகிறேன். வெள்ளைச் சர்க்கரை சுத்தமான ஒரே வகைச் சர்க்கரை. ஒரே அச்சில் வார்த்த செங்கல் மாதிரி, சந்தர்ப்பம் கிடைத்தால் அடுக்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகப் பார்க்கும். பாத்திர ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒரு மணி பாகுக்குள் விழுந்தால் போதும், எல்லாம் அதைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளும். கிளறக் கிளற இன்னும் வேகம். குளுக்கோஸ் சிரப் நடுவில் புகுந்து அந்த அடுக்கைக் குலைக்கிறது. குலா மெலாக்காவில் பலவகைச் சர்க்கரை இயற்கையாகவே கலந்திருப்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதே காரணத்தால்தான் அது காற்றில் இருக்கும் ஈரத்தை அதிகமாக இழுக்கும், சீக்கிரம் கருகும். உங்கள் முதல் போத்தல் பசையானதற்கு அதுவும் ஒரு பங்காளி.

குளுக்கோஸ் சிரப் பேக்கிங் சாமான் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் சீன மளிகைக் கடையில் மால்ட் சர்க்கரை என்று கேட்டுப் பாருங்கள், பிளாஸ்டிக் டப்பாவில் தேன் நிறத்தில் கெட்டியாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. புளிப்பு, சர்க்கரையைக் கொஞ்சம் உடைத்து இரண்டு வகையாக்கிவிடும். ஓரத்தில் ஒட்டுவதை ஈரத் தூரிகையால் துடைத்துவிடுங்கள்.

அந்த மணல் பாத்திரத்தைச் சுரண்டாதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் தானே கரைந்து வந்துவிடும்.

சுங்கை ஆரா அடுப்படி:

குலா மெலாக்காவை விட மனசில்லை அண்ணே. அந்த வாசம் பழுப்புச் சர்க்கரையில் எங்கே?

பட்டர்வொர்த் பேக்கர்:

விட வேண்டாம் தங்கச்சி. மூன்று பங்கு பழுப்புச் சர்க்கரைக்கு ஒரு பங்கு குலா மெலாக்கா. கட்டியைச் சீவி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் உருக்கி வடிகட்டிவிட்டுச் சேருங்கள், நாரும் மண்ணும் இருக்கும். அந்தத் தண்ணீர் வற்றக் கூடுதலாக ஓரிரண்டு நிமிடம் பிடிக்கும். வாசத்துக்கு இது போதும். பாண்டான் இலை ஒன்றை முடிந்து உருகும்போது போட்டு எடுத்தால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள்.

புந்தோங் பேரன்:

இவ்வளவு நேரம் கச்சானைப் பற்றி யாரும் வாய் திறக்காததால் நான் வந்தேன். ஈப்போ புந்தோங்கில் வளர்ந்தவன், இப்போது செந்தூலில் இருக்கிறேன். கச்சாங் பூத்தே கம்பத்துக்காரனிடம், அதாவது கடலைப் பலகாரக் கிராமத்துக்காரனிடம், கச்சானைப் பற்றிக் கேட்காமல் யாரிடம் கேட்பீர்கள்?

பச்சைக் கச்சானைப் பாப்கார்னோடு போட்டு 120 டிகிரி ஓவனில் வைத்தால் அது வறுபடாது, வெதும்பும். வெளியே கேரமல், உள்ளே பச்சை வாசம். தனியாக வறுத்தாக வேண்டும். குவாலியில் (வாணலியில்) மிதமான தீயில் கைவிடாமல் வறுங்கள், அல்லது ஓவனில் 160 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம் போல. ஒன்றை இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் இளம் பொன்னிறம் வந்தவுடன் இறக்கிவிடுங்கள். இறக்கிய பிறகும் அது தன் சூட்டிலேயே கொஞ்சம் கருக்கும். சூடு தணிந்ததும் துணியில் கட்டித் தேய்த்தால் தோல் பிரிந்துவிடும், வாசலில் நின்று ஊதுங்கள், சமையலறையில் ஊதினால் யார் பெருக்குவது? முந்திரி இன்னும் சீக்கிரம் சிவக்கும், அதைத் தனித் தட்டில் வையுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று பச்சை, ஒன்று கரி.

இன்னொன்று. கச்சான் கனம், பாப்கார்ன் லேசு. எவ்வளவு கிளறினாலும் கச்சான் அடிக்குப் போய்விடும், மேலே உள்ளவருக்கு வெறும் பாப்கார்ன், கடைசியில் தின்பவனுக்கு யோகம். அதனால் பாகு ஊற்றும் முன்பே இரண்டையும் கலந்து, ஓவனில் ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் அடியில் இருப்பதை மேலே கொண்டுவாருங்கள். பாகு கெட்டியாகும்போது கச்சான் பாப்கார்னின் மடிப்புகளில் சிக்கிக்கொள்ளும், அப்புறம் இறங்காது.

என்னைக் கேட்டால் முந்திரியே வேண்டாம். முந்திரி விலைக்கும் அதற்கும்! கச்சான்தான் இதற்குப் பொருத்தம்.

கரண்டிக் காம்பு:

சரித்திரமும் உங்கள் பக்கம்தான். அமெரிக்காவில் சிகாகோக்காரர்கள் விற்ற கிராக்கர் ஜாக், 1896ல் பெயர் பதிவானது. அதில் கரும்புச் சாற்றுக் கழிவுப்பாகு, பாப்கார்ன், நிலக்கடலைதான். 1912 முதல் பொட்டலத்துக்குள் சின்னப் பரிசும் வைத்தார்கள். அந்தக் கரும்பாகின் வாசத்துக்கு நம் குலா மெலாக்கா ஒன்றும் குறைந்ததில்லை.

ஜெலுத்தோங் பெரியம்மா:

எந்த நாட்டுக்காரன் பெயர் வைத்தாலும் இது நம் பொரி உருண்டைதான். கார்த்திகைக்கு நெல்லுப் பொரியில் செய்வோம், இது சோளப் பொரி. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள், பாகின் அருமை தெரிந்தவர்கள்.

இரண்டு வாண்டுகளின் அம்மா:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். போத்தலில் கொடுப்பதானால் உள்ளே கச்சானும் முந்திரியும் இருப்பதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வாமை உள்ள வீட்டுக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது. நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பாப்கார்னும் முழுக் கடலையும் தொண்டையில் சிக்கும். பண்டிகைக்கு எல்லாரையும் அழைக்கும் திறந்த வீட்டு உபசரிப்பில் மேசை உயரத்துக்கு எட்டுகிற வாண்டுகள்தான் முதலில் போத்தலுக்குள் கையை விடும்.

மூன்றாம் ஷிப்ட்:

போத்தலில் அடைப்பதைப் பற்றி. முழுக்க ஆறியபின்தான் மூட வேண்டும், ஆனால் ஆறிய பிறகு ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. முடிந்தால் ஏர்கோன் (ஏசி) அறையில் ஆறவையுங்கள், அங்கே காற்று காய்ந்திருக்கும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். உணவுக்கென்று விற்கும் ஈரம் உறிஞ்சிப் பொட்டலம் ஒன்றைப் போத்தலில் போடலாம். காலணிப் பெட்டியில் வந்ததை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டுவது நம் வீட்டு அம்மாக்கள் பலகாரப் போத்தலுக்குச் செய்வதுதான், அதற்கு மேல் எங்கள் தொழிற்சாலையிலும் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

சிறிய போத்தல்களாக அடையுங்கள். பெரிய போத்தலை நாளுக்குப் பத்துத் தடவை திறந்தால் பத்துத் தடவை பினாங்குக் காற்று உள்ளே போகும்.

சுங்கை ஆரா அடுப்படி:

மூன்றாம் முயற்சி. நேற்று மதியம், வெயில் நாள் பார்த்து.

பேக்கர் அக்கா அளவு, அதில் கால் பங்கு குலா மெலாக்கா. மால்ட் சர்க்கரை ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் ஒரு சீனக் கடையில் கிடைத்தது. கரண்டியில் எடுத்தால் கரண்டியை விடமாட்டேன் என்கிறது, கையை நனைத்துக்கொண்டு கிள்ளிப் போட்டேன். கச்சானைக் குவாலியில் வறுத்து வாசலில் நின்று ஊதினேன். சூடுமானி 138 காட்டியபோது பெரியம்மா சொன்ன கிண்ணத்திலும் ஒரு சொட்டு விட்டேன். 'டிங்' வரவில்லை, ஒரு மாதிரி 'டொக்' என்றது. எடுத்து மடக்கினால் உடைந்தது. அப்படியே இறக்கி சோடா. கரும்பழுப்பாக இருந்த பாகு கண்ணெதிரே வெளுத்து, தே தாரிக் டீ ஆற்றும்போது வருகிற நிறத்துக்குப் பொங்கி வந்தது. ஊற்றினேன், புரட்டினேன், ஓவனில் ஐம்பது நிமிடம்.

கடைசித் தடவை புரட்டும்போது சத்தம் மாறியிருந்தது. முதலில் சொதசொதவென்று புரண்டது, இப்போது கிலுகிலுப்பை மாதிரி தட்டில் உருண்டது.

இரண்டு சின்னப் போத்தல் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன், ஒன்றை மட்டும் டேப் இல்லாமல் சும்மா மூடி வைத்திருக்கிறேன். ஒரு வாரம் கழித்து வந்து சொல்கிறேன்.

சுங்கை ஆரா அடுப்படி:

எட்டாம் நாள். டேப் ஒட்டியது முதல் நாள் மாதிரியே உடைகிறது. சும்மா மூடியதில் மேலே உள்ளவை கொஞ்சம் ஒட்டின. தட்டில் கொட்டி 120 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டேன், திரும்பவும் மொறுமொறுப்பாகிவிட்டது. டேப் ஒட்டிய இன்னொரு போத்தலைக் காணவில்லை. அப்பா சட்டைப் பையில் கச்சான் தூள் இருந்தது.

நாளை ஆறு தடவை செய்ய வேண்டும். ஒரே தடவையில் இரட்டிப்பு அளவு போடலாமா?

பட்டர்வொர்த் பேக்கர்:

வேண்டாம் தங்கச்சி. புரட்ட இடம் இருக்காது, நடுவில் உள்ளது காயாது. ஒன்று ஓவனில் இருக்கும்போது அடுத்ததற்குச் சோளம் பொரியுங்கள்.

புந்தோங் பேரன்:

ஒரு சந்தேகம். கச்சானோடு பொரித்த நெத்திலியும் மிளகாய்த் தூளும் சேர்த்தால் எப்படி இருக்கும்?

ஜெலுத்தோங் பெரியம்மா:

பாகில் நெத்திலியா? அதற்குத் தனியாக ஓர் இழை திற தம்பி. செய்து முடித்ததும் எனக்கும் ஒரு போத்தல் அனுப்பு.